வெள்ளிக்கிழமையும் அதுவுமா

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துவிட்டேன். என் வேண்டுதல்தான் என் வீட்டுக்காரரைப் பிழைக்க வைத்தது என்று ஊரே சொல்கிறது. நடந்தது எனக்கல்லவா தெரியும்!

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். நெஞ்சுவலி வந்து, அவருக்கு மதுரையில் பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்து வார்டுக்கும் மாற்றிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, முருகனுக்கு நன்றி சொல்லி அவர் நெற்றியில் விபூதி பூசினேன்.

"ஏ புள்ள, நெஞ்சுக்குள்ள மீனு துள்ளுற மாதிரி இருக்கு. ஒரு நெதானமில்லாம அடிக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கெட்டதைச் சொன்னால் கெட்டது நடந்துவிடும் என்று பயம்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாயில நல்ல வார்த்தையே வராதா? பேசாம படுங்க."

பாவம், பேசாமல் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் முகமெல்லாம் வேர்த்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, முருகா முருகா என்று முணுமுணுத்தபடி இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தன் தம்பிக்குத் துணையாக ஒரு அம்மா இருந்தார். சாணார்பட்டிக்காரர், கழுத்தில் ஜெபமாலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போல.

"ஏக்கா, சொல்ல வந்த மனுசன் வாய எதுக்கு அடைக்கிறீங்க? எந்தம்பி தும்முனாக்கூட நான் நர்சுட்ட ஓடுவேன். உங்க முருகன் கோவிச்சுக்கிட்டா எங்க மாதாட்ட சொல்லிச் சமாதானம் பண்ணிக்கிடுவோம்!"

சொன்னவர் என் பதிலுக்கு நிற்கவில்லை. நர்சைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். மெஷின் வைத்துப் பார்த்தார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் துடிப்பு சீரானது.

"பைபாஸ் பண்ணினவங்கள்ல பல பேருக்கு இப்படி வர்றதுதாம்மா. கவனிக்காம விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரலாம். நல்லவேளை, உடனே சொன்னீங்க" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை நான்.

முருகன்தான் காப்பாற்றினான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அம்மாவை அனுப்பித்தான் காப்பாற்றினான். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், "நெஞ்சு எப்படி இருக்கு, ஒளிக்காம சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வீட்டில் யாருக்காவது பைபாஸ் ஆகியிருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். எனக்காக இரக்கப்பட்டு, நான் அவரை அதட்டியதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இன்னொரு வீட்டில் ஒரு மனுஷர் பயப்படாமல் வாய் திறப்பார்.