கடிதத்தில் வந்த கத்தீனா

ஓர்சொலா வெனிஸை விட்டுக் கிளம்பியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. ஊரை விட்டுப் போ என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கணவன் போர்த்தொலோவிடம்தான் சொன்னார்கள். அவன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில் ஊர் ஆஸ்திரியர்களைத் துரத்திக் குடியரசானபோது அதன் அறிக்கைகளில் பாதியைக் கோத்தது அவன் கை. பதினேழு மாதம் கழித்து, பட்டினியும் காலராவும் பீரங்கியும் சேர்ந்து ஊரைப் பணியவைத்த ஆகஸ்டில், இருந்தால் சிறை என்றாகிவிட்டது அவனுக்கு. கப்பலில் மனைவிக்கு இடம் உண்டு, மனைவியின் தங்கைக்கு இல்லை. அம்மாவைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதினைந்து வயது நினெத்தாவை அவளுடைய ஞானத்தாய் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினாள் ஓர்சொலா.

ஆஸ்திரியர் ஆளாத டூரினில் ஒரு நான்காம் மாடியில் குடித்தனம். சீக்கிரமே அது வெனிஸ்காரர்கள் சாப்பிடும் வீடாகிவிட்டது. ஏழெட்டுப் பேர் வருவார்கள். பள்ளி வாத்தியார், பழைய பீரங்கிக்காரன், வேலையில்லாத வக்கீல் ஒருவர். வெங்காயமும் காடியும் போட்டு ஊறவைத்த மத்தி மீனை அவள் மேஜையில் வைத்தால் யாரும் தட்டிலிருந்து தலை நிமிர மாட்டார்கள். அப்புறம் இத்தாலித் தாயைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள். விலங்கு பூட்டிய தாய், கண்ணீர் விடும் தாய்.

"அந்தம்மாவுக்குக் களி கிண்டிப் போடுறது யாரு? அவளுக்கும் ஏழு பேரு வந்து தட்டைத் தட்டுறாங்களா?" என்பாள் ஓர்சொலா, சட்டியைச் சுரண்டிக்கொண்டே.

சிரிப்பார்கள். மேலே மேஜையில் எல்லாம் ஒரே தேசம். கீழே சந்தையில் டூரின்காரிகள் பேசுவது அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது அவர்களுக்குப் புரியாது. முதல் இரண்டு வருடம் விரலைக் காட்டித்தான் வெங்காயம் வாங்கினாள்.

நினெத்தாவுக்கு எழுதுவதற்காகவே கணவனிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தங்கையின் கடிதம் வந்தால் அது அவளுக்கு மட்டும் வந்ததாக இருக்காது. போர்த்தொலோ எழுந்து நின்று எல்லோருக்கும் வாசிப்பான். வெள்ளம் எத்தனை படி ஏறியது, எந்தக் கிணற்றைப் பூட்டினார்கள், சுட்ட பூசணி விற்கிறவன் இந்தக் குளிருக்கும் வந்தானா. பூசணிக்காரனைப் பற்றி வந்த அன்று வாத்தியார் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றுகொண்டார். எல்லோரும் போன பிறகுதான் ஓர்சொலாவுக்கு அந்தக் காகிதம் கிடைக்கும். அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தேழில் ஒரு கடிதம் வந்தது. "பக்கத்து வீட்டுக் கத்தீனா ஒரு பொஹீமியாக்காரரைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்திரியக் கடற்படையின் கயிற்றுக் கிடங்கில் கணக்கர். குடிக்க மாட்டார், சாந்தமான மனிதர். நீ என்ன நினைக்கிறாய் அக்கா?"

மேஜை கொந்தளித்தது. "நம்மளச் சுட்டவன் கூலியில சோறு திங்கிறவ வெனிஸ் பொண்ணா?" என்று கத்தினான் பீரங்கிக்காரன். "நீ எழுது ஓர்சொலா, நல்லா உறைக்கிற மாதிரி எழுது" என்றான் போர்த்தொலோ.

எழுதினாள். அவர்கள் சொன்னதற்காக மட்டுமல்ல, அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அந்த வெட்கங்கெட்டவளின் வாசலை மிதிக்காதே என்று எழுதினாள். இரண்டு வருடம் கழித்து, கத்தீனாவின் குழந்தை தொண்டைப்புண்ணில் போய்விட்டது என்று தங்கை எழுதியிருந்தாள். ஆஸ்திரியப் படைக்கு ஒரு ஆள் குறைந்தது என்று மேஜையில் ஒருவன் சொன்னான். அதையும் எழுதி அனுப்பினாள் ஓர்சொலா. அதன் பிறகு எந்தக் கடிதத்திலும் கத்தீனா வரவில்லை.

அந்த வருடம்தான் போர் வந்து மிலானை விடுவித்தது. வெனிஸுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. போர்த்தொலோவுக்கு அதற்கப்புறம் குரல் உயரவே இல்லை. அறுபத்துமூன்று குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனான். கணவர் வழிதவறியவர் என்று ஒரு வரி எழுதி ஆஸ்திரிய அரசிடம் மன்னிப்புக் கேட்டால் விதவைகள் ஊர் திரும்பலாம் என்றார் வக்கீல். தங்கையைப் பார்க்க ஏங்கி ஏங்கி உடம்பு வற்றியிருந்த ஓர்சொலா பேனாவை எடுத்தாள். அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. மூடி வைத்துவிட்டாள்.

அறுபத்தாறில் இன்னொரு போர் நடந்து, அக்டோபரில் சமாதானம் கையெழுத்தானது. வெனிஸ் இத்தாலிக்கு என்று ஆனதும் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினாள். நினெத்தா எழுதும் முகவரியைத் தேடிப் படியேறியபோது கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பெட்டிகள். மரத்தூளுக்குள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா!"

கட்டிக்கொண்டு அழுது முடிக்க வெகுநேரமாயிற்று. அப்புறம்தான் ஓர்சொலா பெட்டிகளைக் கவனித்தாள்.

"நான் வர்ற நேரத்துல எங்கடி வீடு மாத்துற?"

"திரியெஸ்தாவுக்கு. அது இன்னும் ஆஸ்திரியாகிட்டதான் இருக்கு. பத்தொன்பதாம் தேதி கப்பல். கிடங்கு ஆளுங்க எல்லாரையும் அனுப்புறாங்க. அவர் போறார். நானும் போகணும்."

"எவர்?"

நினெத்தா கையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினாள். "பக்கத்து வீட்ல கத்தீனான்னு யாரும் இல்லக்கா. உன் வீட்டுக் கடிதத்த ஏழு பேர் முன்னால படிப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வேற எப்படி உங்கிட்டக் கேக்குறது?"

ஓர்சொலா பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கடைசியில் அந்தக் குழந்தை வரியும் வந்தது.

"பிள்ளைக்கு என்னடி பேரு வச்சிருந்த?"

"மத்தேயோ. நம்ம அப்பா பேரு."

"என் கைய ஒடிச்சுப் போட்ருக்கலாம் நீ."

"ஒடிச்சா அப்புறம் எனக்கு யாரு எழுதுவா?" என்றாள் நினெத்தா.

கப்பலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வோய்தெக் என்ற அந்த மனிதர் மெலிந்த, கூச்சமான ஆள். அவர் பேசிய வெனிஸ் பேச்சு இப்போது ஓர்சொலாவின் பேச்சைவிடச் சுத்தமாக இருந்தது. "நீ டூரின்காரி மாதிரி பேசுறக்கா" என்று கிண்டல் செய்தாள் தங்கை. பத்தொன்பதாம் தேதி காலை ஒரு பக்கம் இத்தாலியின் மூவர்ணக் கொடிகள் ஏறின, இன்னொரு பக்கம் கப்பல் கிளம்பியது. கரை நிறைய ஆரவாரம். அந்தக் கூட்டத்தில் அழுத ஒரே முகம் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து, இத்தாலியோடு சேர்வதா என்று ஊர் வாக்களித்தது. கறுப்பு உடையில் அவளும் வரிசையில் நின்றாள்.

"பொம்பளைங்களுக்குச் சீட்டு இல்லம்மா" என்றான் மேஜைக்குப் பின்னால் இருந்தவன்.

"அப்போ எம் புருஷன் சீட்டைக் குடு."

"அவர் எங்க?"

"டூரின் கல்லறைல. இதுக்காகத்தான் செத்தாரு."

அவன் தலையைச் சொறிந்தான். பின்னால் நின்றவர்கள் வழி கேட்டார்கள். கிடைத்திருந்தால் 'ஆம்' என்றே போட்டிருப்பாள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஒதுங்கி வெளியே வந்தாள்.

தங்கை காலி செய்த வீட்டையே வாடகைக்குப் பிடித்தாள். கண்ணாடி மணி கோத்துப் பிழைத்தாள். மாதாமாதம் கல்லறைத் தீவுக்குப் படகேறி, மத்தேயோவின் குழி மேல் புல் பிடுங்கிவிட்டு வந்து நினெத்தாவுக்கு எழுதுவாள். தங்கையின் பதிலை இப்போது வேறு யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் முன்புபோல அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

மூன்று வருடம் சேர்த்துவைத்துத் திரியெஸ்தாவுக்குக் கப்பலேறினாள். துறைமுகத்தில் ஆஸ்திரிய அதிகாரி அவள் தாளைப் புரட்டினார்.

"எந்த நாடு?"

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. கம்பித் தடுப்புக்கு அப்பால் நினெத்தா எம்பி எம்பிக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இத்தாலி" என்றாள் ஓர்சொலா. "சீக்கிரம் முத்திரையக் குத்துங்கய்யா, எந் தங்கச்சி நிக்கிறா."