மூன்று தரம் கூவிய கல்யாணம்

வலது கடைவாயில் சுக்குத் துண்டு, இடது கடைவாயில் வெல்லத் துணுக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி ஊறவைத்துக்கொண்டே ஏசுரத்தினம் சித்தூர் வெல்ல மண்டிக்குள் நுழைகிறார். எதிரே வருகிறவர்கள் கும்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். ஏலம் தொடங்கும்வரை வாய் திறப்பதில்லை. தொண்டை கடவுள் கொடுத்த சொத்து, அதைக் காலையிலேயே வம்பளந்து கரைக்கலாமா என்பது அவர் கட்சி.

ஏலம் தொடங்கிவிட்டால் மண்டியின் தகரக் கூரை அதிரும். "ஒகட்டோ சாரி..." என்று தெலுங்கில் இழுப்பார். "ரெண்டோ சாரி..." என்று இன்னும் கொஞ்சம் இழுத்து, வாங்குகிறவர் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு "மூணாந் தரம்" என்று தமிழில் முடித்துவிடுவார். ஏன் இந்த இரண்டு பாஷை என்று கேட்டால், "இழுக்கறதுக்குத் தெலுங்கு, வெட்டறதுக்குத் தமிழு" என்று பதில் வரும். மூன்றாம் தரம் விழுந்த வெல்லத்தைக் கலெக்டரே வந்து கேட்டாலும் அவர் வேறு ஆளுக்கு மாற்றமாட்டார். அப்படி மாற்றியதாக மண்டியில் ஒருவரும் சொல்ல முடியாது. அந்தப் பெயர் ஒன்றுதான் ஐம்பது வயதுக்கு அவர் சேர்த்துவைத்திருப்பது.

ஞாயிற்றுக்கிழமை அதே குரல் மிஷன் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறது. அங்கே ஓர் எழுத்தைக் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். சபையார் சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று போதகர் அவ்வப்போது பிரசங்கிப்பதுண்டு. சொல்லும்போது ஏசுரத்தினம் உட்கார்ந்திருக்கும் திசையை மட்டும் பார்க்கமாட்டார். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கச் சபையில் வேறு ஆள் ஏது?

வெயில் காலம் வந்தால் வடமாலபேட்டைத் திருவேங்கடம் தன்னுடைய டூரிங் கொட்டகையைக் கொண்டுவந்து சித்தூர் மைதானத்தில் அடிக்கிறார். இங்கிலீஷ் படம் ஓடும் நாட்களில் படத்தின் பேச்சை ஆபரேட்டர் அடக்கிவிடுவார். திரைக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கோலை ஊன்றிக்கொண்டு ஏசுரத்தினம் நிற்பார். யார் நல்லவன், யார் கெட்டவன், இப்போது இவன் அவளிடம் என்ன சொல்கிறான் என்றெல்லாம் தமிழும் தெலுங்குமாகக் கலந்து அவர்தான் ஜனங்களுக்குச் சொல்லவேண்டும். மண்டியிலும் கோயிலிலும் அடுத்தவர் சொல்லையே சுமக்கிற வாய்க்கு இங்கேதான் கொஞ்சம் காற்று வாங்கக் கிடைக்கிறது. வாங்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

எந்தப் படத்துக்கும் அவர் இப்படிச் சொல்லுவார். ஆனால் ராக்கெட் படம் என்றால் ஆளே வேறு. நம் பூமியைச் சேர்ந்த வெள்ளைக்காரத் தளபதி ஒருவன் ராக்கெட் ஏறிச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய், அங்கே அட்டூழியம் பண்ணும் சக்கரவர்த்தியோடு மோதுகிற தொடர் படம் அது. ஒவ்வொரு அத்தியாயமும் தளபதி சாகக் கிடக்கிற இடத்தில் முடியும். வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயமாகத் திருவேங்கடம் பிரித்துப் போடுவார். தளபதியின் இங்கிலீஷ் பெயர் எவர் வாயிலும் நுழையாததால் ஏசுரத்தினம் அவனுக்கு ஆர்தர் என்று பெயர் வைத்தார். செவ்வாய்க் கிரகத்து இளவரசிக்கு மல்லிகா. சக்கரவர்த்திக்குத் தூமகேது. முதல் பாகம் வந்த வருஷம் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட ஒருவரையொருவர் தூமகேது என்றுதான் திட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் பாகத்தில்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. ஆர்தர் மல்லிகாவை எரிமலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி. "இதுங்களுக்கு எப்போபா கல்யாணம்?" ஏசுரத்தினத்துக்கும் அதே ஆசைதான். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்ல ஆளிருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு முன் கேட்பார்கள். ஏசுரத்தினம் அதைக் கொட்டகையில் செய்தார். படம் தொடங்குமுன் கோலைத் தரையில் தட்டி, "பூலோகத்து ஆர்தருக்கும் செவ்வாய்க் கிரகத்து மல்லிகாவுக்கும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறது. தடை சொல்றவங்க இப்பவே சொல்லிடலாம்" என்று மூன்று வாரம் கேட்டார். தரை டிக்கெட்டு பெஞ்சு டிக்கெட்டு ஒருவரும் தடை சொல்லவில்லை.

கடைசி அத்தியாயத்தில், தன் கிரகத்தைக் காப்பாற்றியதற்காக இளவரசி தளபதியின் கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போடுகிறாள். படம் எடுத்தவர்கள் வைத்தது அவ்வளவுதான். "மாலை மாத்திக்கினாங்க" என்றார் ஏசுரத்தினம். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து குலவை. மடியில் முடிந்து வந்திருந்த மஞ்சள் அரிசியை எடுத்துத் திரைமேல் வீசினார்கள். முதல் பிடி வீசியவள் சந்திரம்மா. நாகலாபுரத்தில் பிறந்து, சித்தூருக்குப் பக்கத்தில் கரும்புக் கொல்லைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். சொந்த மகள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு அழவில்லை என்று அவளே சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்த வருஷம் மூன்றாம் பாகம் வந்தது. திருப்பதியில் ஒரு வாரம் ஓடிவிட்டுத்தான் படப்பெட்டி சித்தூருக்கு வரும். அதற்கு முன்பே அங்கிருந்து வந்த வியாபாரி ஒருவர் மண்டியில் வத்திவைத்துவிட்டார். "ஆளையே மாத்திட்டாங்க. அந்தப் பொண்ணே இல்ல." ஏசுரத்தினம் சுக்கை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டார். அன்று இரண்டு ஏலத்தில் அவர் குரல் இழுக்கவேண்டிய இடத்தில் இழுக்கவில்லை என்று மண்டிக்காரர்கள் சொல்கிறார்கள்.

புதுப் படம் வந்தால் மத்தியானமே ஆபரேட்டரை எழுப்பி, கொட்டகைப் புழுக்கத்தில் தனியாக உட்கார்ந்து ஒருதரம் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அன்று அதற்கு வழியில்லாமல் போயிற்று. பட்டாளம் போகும் மிலிட்டரி ஸ்பெஷலுக்கு வழிவிட்டு, பெட்டி வந்த ரயில் பாகாலாவிலேயே நின்றுவிட்டது. ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகுதான் பெட்டி வந்து சேர்ந்தது. "இன்னாபா ரத்தினம், பாக்காம சொல்லிடுவியா?" என்று திருவேங்கடம் கேட்டார். "நம்ம ஆர்தரு, நம்ம மல்லிகா. பாத்துதான் சொல்லணுமா?" என்று சொல்லிவிட்டு ஏசுரத்தினம் கோலை எடுத்துக்கொண்டார்.

தொடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. ராக்கெட் புகை கக்கிக்கொண்டு கிளம்பியபோது ஜனங்கள் விசில் அடித்தார்கள். ஏசுரத்தினமே வாயால் புஸ்ஸென்று ஓசை கொடுத்தார். பிறகு மல்லிகா வந்தாள். வியாபாரி சொன்னது மெய்தான். மூக்கு வேறு, முடி கறுப்பு, நடைகூட வேறு. கொட்டகை சலசலத்தது. ஏசுரத்தினம் தயங்கவில்லை. "செவ்வாய்க் கிரகத்துல பெரிய அம்மை. மல்லிகாவும் படுத்து எழுந்துகினா. பாவம், முகமே மாறிப் பூட்ச்சி." அம்மை கண்ட ஊர்தானே, பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சலசலப்பும் அடங்கியது.

அடுத்த ரீல்தான் அவரைக் கவிழ்த்தது. அரண்மனையில் பெரியவர்கள் சுற்றி நிற்கிறார்கள். மல்லிகா சிரித்துக்கொண்டு கையை நீட்டுகிறாள். ஆர்தர் அங்கே இல்லவே இல்லை. மீசைக்காரச் சேனாதிபதி ஒருவன் அவள் விரலில் மோதிரம் போடுகிறான். பச்சைப் பிள்ளைக்கும் அது நிச்சயதார்த்தம் என்று தெரியும். ஏசுரத்தினம் வாயைத் திறந்தார், மூடினார். அந்தக் குரல் ஜனங்களுக்கு முன்னால் நின்றுபோனது அதுதான் முதல் தடவை. அதற்குள் ரீல் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

சந்திரம்மா எழுந்து நின்றாள். "தம்பி, இன்னா இது? கட்டினவன் உசிரோட கீறான். இவளுக்கு ரெண்டாவதா மோதிரம் போட்டுக்கினு நிக்கிறான் ஒருத்தன்."

மாயம், மந்திரம், தூமகேதுவின் சதி என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்ததாகவும் பிற்பாடு அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எதிரே பாதிப் பேர் மண்டியில் அவர் மூன்றாம் தரத்தை நம்பி வெல்லம் போடுகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் பொய் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. கோலைத் தரையில் படுக்கவைத்துவிட்டு நின்றார்.

"அக்கா, அன்னிக்கி மல்லிகா போட்டது மாலை இல்ல. மெடலு. பட்டாளத்துல குடுப்பாங்களே, அது. கல்யாணம்னு நாந்தான் சொன்னேன். எனக்கே ஆசையா இருந்துச்சி, சொல்லிட்டேன். படத்துல கல்யாணம் இல்ல."

காசைத் திருப்பிக் கேட்பார்களோ, கொட்டகையைப் பிரித்துப்போடுவார்களோ என்று திருவேங்கடம் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டார். ஏசுரத்தினத்துக்கு அந்தக் கவலை இல்லை. நாளைக் காலையில் மண்டியில் நின்று "மூணாந் தரம்" என்று சொன்னால் எவன் நம்புவான் என்பதுதான் அவர் கவலை.

சந்திரம்மா இடுப்பில் கை வைத்தாள். "நீ இன்னா சொல்றது? ஓலை படிச்சது நீயி. தடை கீதான்னு மூணு வாரம் கேட்ட. எவனாவது வாயத் தொறந்தானா?"

"இல்ல அக்கா."

"மண்டில மூணு தரம் கூவிட்டு, அப்புறம் ஏலத்தத் திருப்பிக்குவியா?"

"எப்படித் திருப்பறது?"

"அப்போ இத மட்டும் எப்படித் திருப்புவ? அரிசி போட்டது நாங்க. ஊரே கூடி நின்னு பாத்த கல்யாணம். ஆச்சின்னா ஆச்சிதான்." திரைப் பக்கம் ஒரு கையை வீசினாள். "எடுத்தவனுக்கு விசயம் தெரில. அவன் எங்கியோ ஒக்காந்துகினு எடுத்துட்டான். நீ ஏன் தலை குனியற?"

"அவுனம்மா" என்று தரை டிக்கெட்டிலிருந்து யாரோ தெலுங்கில் ஆமோதித்தார்கள். ஒன்று பத்தாயிற்று. படம்தான் தப்பு, ஏசுரத்தினம் தப்பு இல்லை என்று கொட்டகை ஒருமனதாகத் தீர்மானித்தது. அவர் குனிந்து கோலை எடுத்தார்.

"அது சரி அக்கா, இந்த மோதிரத்த இன்னா பண்றது?" என்றார் ஏசுரத்தினம்.

"அது உன் வேலை" என்று சொல்லிவிட்டுச் சந்திரம்மா உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மண்டியில் மூன்றாம் தரம் வழக்கம்போல் விழுந்தது. யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசுரத்தினம் வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது, மனைவி கிருபாபாய் ஊறுகாயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சபைக்கு மரியாதை கொடுத்துக் கொட்டகைக்குள் ஒருநாளும் கால் வைக்காதவள். ஆனால் வீடு மைதானத்துக்குப் பின்புறம். முதல் இரண்டு பாகத்தையும் புருஷன் குரலில் ஒன்றுவிடாமல் கேட்டவள்.

"ஏங்க, கல்யாணம் ஆச்சா இல்லியா? நேத்து நீங்க பேசினது பாதிதான் கேட்டுச்சி."

"ஆச்சி."

"அதானே. நம்ம கல்யாணத்துக்கு மட்டும் போட்டோவா கீது? பாத்தவங்க சொல்றதுதான்." அவள் முகம் தெளிந்தது. அப்புறம் மறுபடியும் சுருங்கியது. "அப்போ அந்த மோதிரம்?"

ஏசுரத்தினம் கஞ்சியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார்.

அன்று மாலை அதே அத்தியாயங்கள். கூட்டம் முந்தின நாளைவிட அதிகம், சந்திரம்மாவும் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராக்கெட் கிளம்பியது, அம்மை வந்து போனது. அரண்மனையில் பெரியவர்கள் கூடினார்கள். மல்லிகா கையை நீட்டினாள். மீசைக்காரன் மோதிரத்தை எடுத்தான். ஏசுரத்தினம் பேச்சை நிறுத்தி, கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரைக்கு முன்னால் படம் காட்டும் மிஷின் வெளிச்சத்துக்குள் நிதானமாக நடந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் அகல விரித்து, தூசி தட்டுகிறவர் மாதிரி ஒரு தரம் உதறினார். இரண்டாம் தரம் உதறினார். திரையில் மோதிரமும் விரலும் மீசையும் அந்தத் துண்டின் நிழலுக்குள் மறைந்திருக்க, மூன்றாம் தரமும் உதறி, அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.