வாட்டன்ஷைட்டைக் கண்ட மனிதர்

சண்முகவேல் சார் காலமான செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் லேக் மார்க்கெட் பெரிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். ‘நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்’ என்று போட்டிருந்தார். சார் அந்தச் சங்கத்தில் ஒருநாளும் உறுப்பினராகச் சேர்ந்ததில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கமாட்டார் என்ற துணிச்சல்தான்.

கிடர்பூர்க்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் நிலக்கரி நிறுவனத்தில் பொறியாளர், திருநெல்வேலிக்காரர், மனைவிக்குத் துறைமுகத்தில் வேலை என்பதால் நம்மோடு தங்கியவர். இளவயதில் சுரங்கப் பயிற்சிக்காக ஜெர்மனி போய் வாட்டன்ஷைட் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கே கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. பிறகு, ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஊரையே பக்கத்துப் பெருநகரத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

நம் கிடர்பூர் தமிழ் மன்றத்தைப் பெரிய சங்கத்தோடு இணைக்கக் கூட்டம் போட்டது நினைவிருக்கும். ஆள் குறைந்துவிட்டது, பிள்ளைகள் வங்காளம்தான் பேசுகிறார்கள் என்று காரணங்கள். மன்றம் கிளையாக நீடிக்கும், மன்றம் கூடும் மாடி அறை இருக்கும், பொங்கல் இங்கேயே நடக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். சார் எழுந்தார்.

“வாட்டன்ஷைட்காரன் எத்தனையோ வருஷம் சண்டை போட்டான் வே. கடைசியில என்ன கெடச்சுது தெரியுமா? கார் நம்பர் பிளேட்ல ஊரைக் குறிக்கிற பழைய மூணு எழுத்து. யானை வாயில போன கரும்பு மீளுமா? நமக்கு அந்த மூணு எழுத்துகூட மிஞ்சாது.”

எல்லோரும் சிரித்தீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர், வங்காளிகள் அண்ணனை அழைப்பதுபோல், “சண்முக்தா, ஜெர்மனிக் கதையெல்லாம் இப்ப எதுக்கு? டீ ஆறுது, வோட் எடுத்து முடிங்க” என்றார். எதிர்த்து உயர்ந்தவை அவர் கையும் என் கையும் மட்டுமே.

அடுத்த பொங்கலே லேக் மார்க்கெட் மண்டபத்துக்குப் போய்விட்டது. கேட்டதற்கு, “இங்க ஏசி ஹால் இருக்கே, வந்துடுங்களேன்” என்றார்கள். முட்டிவலிக்காரர்கள் பஸ் மாறிப் போகவில்லை. சாரை நான் வீட்டுக்கே போய் அழைத்தேன். “நீரு போய்ச் சாப்ட்டுட்டு வாரும். எம் பொங்கலுக்கு நான் எதுக்கு விருந்தாளியாப் போகணும்?” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வருடமே மாடி அறையையும் விட்டுவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு லாரிக்காரர் டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்.

அஞ்சலிக் கூட்டம் அதே ஏசி மண்டபத்தில் நடந்ததாம். பேசியவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டுப் படி ஏறியவர் இல்லை. கிடர்பூரில் அவருக்காகக் கூடுவதற்கு நமக்கு ஓர் அறை இல்லை. ஏழெட்டுப் பேர் பழைய அறைக்குக் கீழே, தெருவில், அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மௌனம் முடிவதற்குள் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “ஹட்டியே, தாதா!” என்று டிரைவர் விலகச் சொல்லிக் கத்தினார். படத்தோடு சாக்கடை ஓரம் ஒதுங்கினோம்.

அவருடைய படிப்பையும் சிரிப்பையும் மேடையில் யார் வேண்டுமானாலும் புகழட்டும். அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதை எதனோடும் இணைக்கச் சம்மதிக்கமாட்டேன்.