திரும்பி வரும்போது வைத்த கல்

போன மாதம் காலமான அந்த லிஃப்ட் மெக்கானிக்கைப் பட்டாளத்து நண்பர்கள் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது அவ்வளவு கஷ்டம். அவருடைய நண்பர் 'ரேடியோ' நேர் எதிர். தூக்கத்தில்கூடப் பேசுவார். இருவரும் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் ஆறு வருடம் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். ஒருவர் மண்ணைக் கிளறும்போது மற்றவர் பின்னால் தள்ளிக் குப்புறப் படுத்துக் காவல் இருப்பார். அரை மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்வார்கள். அந்த வேலையில்தான் ரேடியோவின் இரண்டு கண்களும் போயின.

பிறகு ரேடியோ ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனார். கல்யாணம் ஆகி மகளும் பிறந்தாள். பூட்டு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வாரம் முழுக்க கிரீஸ் படிந்த சட்டையோடு அலைகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ரேடியோவின் வீட்டுக் கதவைத் தட்டுவார். பேப்பர் படித்துக் காட்டுவார், முடிவெட்டக் கூட்டிப்போவார். இருபத்தாறு வருடமாக இதுதான். "மணி பத்து, அண்ணா வந்தாச்சு" என்று ரேடியோவின் மனைவி கடிகாரத்தைப் பார்க்காமலே சொல்வார்.

ஒரு ஞாயிறு, புதிதாக வந்திருந்த யுத்தப் படத்துக்குப் போகலாம் என்று ரேடியோ நச்சரித்தார்.

"நீ பாத்துச் சொல்லு, நான் கேக்கறேன்."

"படம் முழுக்கவா? என் தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"இத்தனை வருஷமா பேசாம சேத்து வச்சிருக்கியே, கொஞ்சம் அவுத்து விடு."

தியேட்டரில் பூட்டு காதோடு காதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "சார், பேசாம படம் பாருங்க" என்று அதட்டினார். கால் மணி நேரம் கழித்து அவரே குனிந்து, "அந்தத் தாடிக்காரன் செத்துட்டானா, இருக்கானா?" என்று கேட்டார்.

திரையில் சிப்பாய்கள் கண்ணிவெடிக் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

"ரெண்டு ஓரமும் கல்லு வச்சிட்டே போறாங்க. பாதி வெள்ளை, பாதி சிவப்பு."

"வெள்ளை எந்தப் பக்கம்?"

"பாதைப் பக்கம். சிவப்பு, வெடி இருக்கற பக்கம்."

"பரவாயில்லயே, விவரம் தெரிஞ்சவன் எடுத்திருக்கான். அப்புறம்?"

திரையில் ஒருவன் சாய்ந்து கிடந்த கல்லை நிமிர்த்தினான். பூட்டின் குரல் நின்றுபோனது.

"என்னடா, கரண்ட் போச்சா?"

"உனக்குக் கண்ணு போன அன்னிக்கு, அந்தக் கல்லை வச்சது நான்தான்டா." சொல்ல ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "விழுந்து கிடந்துது. வேலைய முடிச்சுத் திரும்பி வரும்போது நிமிர்த்தினேன். போறப்ப வலதுகைப் பக்கம் இருந்தது வர்றப்ப இடதுகைப் பக்கம். அது எனக்கு உறைக்கல. வெள்ளைய வெடிப் பக்கமா மாத்தி வச்சிட்டேன். நீ வெள்ளை தெரிஞ்ச பக்கத்துல கால் வச்ச."

ரேடியோ எழுந்து நின்றார். "வீட்டுக்குப் போகலாம்."

 வழக்கமாகப் பூட்டின் தோளை அழுத்திப் பிடிக்கிற ரேடியோவின் கை, அன்று வழியெல்லாம் முழங்கையில் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு வந்தது. கண் போனதைக்கூட மன்னித்துவிடுவான், ஆனால் இனி இந்த வீட்டுக்கு வர முடியுமா என்பதுதான் பூட்டின் பயம். வாசலில் ரேடியோ கேட்டார்:

"இத்தனை ஞாயித்துக்கிழமையும் அதுக்காகத்தான் வந்தியா?"

"முதல் வருஷம் அதுக்காகத்தான். அப்புறம்... வராம இருக்க முடியல."

"கொஞ்ச நாள் வராதே."

அடுத்த ஞாயிறு பூட்டு வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மருத்துவமனைக்குப் போன் செய்தார். "வணக்கம், யாருகிட்ட பேசணும்?" என்று அந்தக் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதற்கடுத்த ஞாயிறு, சட்டையைக் கையில் எடுத்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

ரேடியோ! கையில் குச்சி, உடம்பெல்லாம் வியர்வை, இரைக்க இரைக்க மூச்சு.

"லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கற கட்டடத்துல லிஃப்ட் இல்லயாம். நாலு மாடி! வெளிய சொன்னா சிரிப்பாங்கடா."

"தனியாவா வந்த? சொல்லியிருந்தா நானே..."

"நீ வந்தா, அதுக்காக வந்தியோன்னு எனக்குத் தோணிட்டே இருக்கும். அதான் நான் வந்துட்டேன்." தடவி, நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். "கோபம் போயிடுச்சுன்னு நெனைக்காதே. ரெண்டு வாரமா உன்னைத் திட்டிட்டுதான் இருந்தேன். ஆனா அன்னிக்கு நான் அடிபட்டுக் கிடந்தப்ப, 'பாதையில வா, பாதையில வா'ன்னு எல்லாரும் உன்னைப் பாத்துக் கத்தினாங்க. நீ குறுக்கால ஓடி வந்த. எனக்குக் கேட்டுது. அந்தத் தரையில எத்தனை வெடி எடுத்தீங்க அப்புறம்?"

"பதினொண்ணு."

"ஓடறப்ப, கால் கீழ வெடி இருக்கும்னு ஞாபகம் இருந்துதா?"

"இல்ல."

"அப்ப சரி. தண்ணி குடு, நாக்கு ஒட்டிக்குது."

அந்த அறையில் ஒரே ஒரு டம்ளர்தான் இருந்தது. பூட்டு அதைக் கழுவி நிறைத்துக் கொடுத்தார். ரேடியோ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இனிமே ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான்" என்றார்.

அது ஒன்பது வருடம் நடந்தது. ரேடியோவின் முறை வரும் ஞாயிறுகளில் பூட்டு ஒன்பது மணிக்கே கீழே இறங்கி பஸ் நிறுத்தத்தில் நிற்பார். தெரிந்தவர் யாராவது, "என்ன, இந்த வெயில்ல இங்க நிக்கறீங்க?" என்று கேட்டால் போதும். வாயே திறக்காத அந்த மனிதர், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்:

"வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்க. அவனா கிளம்பி வர்றான், தனியா, ரெண்டு பஸ் மாறி."