கோணியில் முளைத்த துணி

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். அதற்குப் பிறகு ஆம்பூரில் செருப்புக்குப் பசை தடவினேன், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன், காஞ்சிபுரத்தில் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி ஊசியால் மணி தைத்தேன். ஓர் இடத்திலும் மூன்று வருடம் முழுதாக இருந்ததில்லை. சில இடங்களில் சம்பளம் நின்றுபோனது. சில இடங்களில் எனக்கே கால் தரிக்கவில்லை. கிளம்பும்போது அங்கே குப்பைக்குப் போகிறதில் கொஞ்சம் பையில் அள்ளிக்கொள்வேன். தோல் துண்டு, கொசுவலைக் கிழிசல், ஜரிகைக் கரை, கண்ணாடி மணி. எதற்கென்று அப்போது தெரியாது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

உத்திரமேரூரில் தகரக்கூரை போட்ட ஓர் அறைக்கு வாடகைக்கு வந்தபோது அந்தப் பை நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவள். அவர்கள் கிறிஸ்தவ சபையில் வருடா வருடம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் அதை ஏலம் விடுவார்கள். அக்காவுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஆனாலும் கூலியாக வந்த புது நெல்லில் ஒரு முறம் எடுத்துப்போவாள். அது தவறியதே இல்லை.

அந்த வருடம் வரப்பில் வழுக்கி விழுந்து அக்காவின் வலது மணிக்கட்டு உடைந்தது. அறுப்புக்குப் போக முடியவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் போன போகத்து நெல். பழசைக் காணிக்கையாக வைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

"ஒரு பூசணிக்காய வாங்கி வெச்சிடுக்கா," என்றேன்.

"கடைக்காரன் வெளைச்சல நான் இன்னாத்துக்குத் தூக்கிக்கினு போணும்? அதுக்கு வெறுங்கையோடயே போவேன். அதுவும் முடியாது, கையில மாவுக்கட்டு கீது."

அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

மறுநாள் என் அறைக்கு வந்து, சுவரில் நான் முன்பு தைத்து மாட்டியிருந்த துணிப் படங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு செய்யலாமா? இடது கை சும்மாதான் கீது" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். அடித்துணிக்கு அவளுடைய கிழிந்த நடவுப் புடவையை இரண்டாக மடித்துத் தைத்தேன். காகிதத்தில் ஏரியும் வயலும் வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, துணிமேல் விரித்தேன். சாக்பீஸ் தூளை மண்ணெண்ணெயில் குழைத்து அதன்மேல் தேய்த்தால், கோடு புள்ளி புள்ளியாகத் துணியில் இறங்கும். ஏரித் தண்ணீருக்குக் கொசுவலையை மூன்று மடிப்பாக வைத்து, உள்ளே கண்ணாடி மணிகளைத் தைத்தேன். மேலே தைத்தால் மணி மணியாகத்தான் தெரிகிறது, வலைக்கு அடியில் வைத்தால் தண்ணீராகிறது. ஏன் என்று இன்னும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஜரிகைக் கரை ஏரிக்கரையானது. தோல் துண்டுகள் பனைமரம்.

வயலுக்குத்தான் மணி போதவில்லை. அக்கா பானையிலிருந்து ஒரு பிடி நெல் கொண்டுவந்தாள். பதரைத் தள்ளிவிட்டு, திரண்ட மணியாக இடது கையால் பொறுக்கி, வரிசை வைத்துக்கொண்டே வந்தாள். நெல்லில் ஊசி ஏறாது. அதனால் ஒவ்வொன்றையும் இடுப்பில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று என்று நூலால் கட்டித் தைத்தேன்.

வேலை முடிந்தபோது துணியில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. கோயிலுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது? சீயக்காய்த் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் ஒரு பகல் முழுதும் ஊறப்போட்டேன். ஜரிகையை வெயிலில் காட்டக்கூடாது என்று ஆரிக் கடையில் சொல்லித் தந்திருந்தார்கள். அதனால் ஈரத்தோடு கோணியில் சுருட்டி, சுருக்கம் விழாமலிருக்க மேலே ஒரு கருங்கல்லை ஏற்றி, அடுப்போரம் வைத்தேன். அறையைப் பூட்டிக்கொண்டு திருமுக்கூடலுக்கு பஸ் ஏறினேன். மூன்று ஆறு சேர்ந்தால் தண்ணீர் மூன்று நிறமாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். மணலும் ஒரே நிறத்தில் கொஞ்சம் தண்ணீரும்தான் இருந்தது. அங்கே கிடைத்த களை வேலையில் மூன்று நாள் ஓடிவிட்டது.

சனிக்கிழமை காலையில் திரும்பிவந்து கல்லைத் தூக்கினேன். கோணி சூடாக இருந்தது. விரித்தால், வயலில் வெள்ளை வெள்ளையாக முளை.

அக்காவைக் கூப்பிடவே பயமாக இருந்தது. விடிந்தால் பண்டிகை. அவள் வந்தாள், குனிந்தாள், துணியைத் திருப்பினாள்.

"இன்னாமே பண்ணி வெச்சிக்கிற? வெத நெல்ல நாங்க இப்டித்தான் கட்றது. ஊறப்போட்டு, கோணியில சுத்தி, கல்ல ஏத்தி வெப்போம். உனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லலக்கா. ஜரிகை கறுத்துடும்னு செஞ்சேன்."

"இருவத்தஞ்சு வருசமா நான் சேத்துல கீறேன். ஜரிகைக்குப் பயந்து நெல்ல மொளைக்க வெச்சவள இப்பதான் பாக்கறேன்."

முளைகளைக் கத்தரித்துவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளித் தெளித்தாள்.

நான் துணியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறுக்கிக் கட்டிய மணிகள் பல முளைக்கவில்லை. அசதியில் தளர்வாகக் கட்டியவைதான் முளைத்திருந்தன. வேர்கள் புடவையின் இழைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வந்திருந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன். என் நூலைவிடக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாவுக்கட்டின்மேல் துணியைப் போட்டுக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள். கோயில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடி, நாத்தங்காலையே பேத்துக்கினு வந்துட்ட?"

"உனுக்கு இன்னாடி, உன் பூசணிக்காய விட இது லேசு," என்றாள் அக்கா.

உள்ளே காணிக்கைகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் துணியை வாங்கிப் புரட்டினார். நெற்கதிர், காய், கோழி ஒரு பக்கம். துண்டு, பாய், கூடை இன்னொரு பக்கம். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இது துணியாம்மா, வெளைச்சலா?"

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். போன போகத்து நெல் என்று அவள் மறைக்கவில்லை. "நெல்லு பழசுங்க ஐயா. மொளை புதுசு" என்றாள்.

அவர் ஒரு முளையை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு நெற்கதிர்க் கட்டுகளை நகர்த்தி, நடுவில் துணியை விரித்தார். அக்கா அங்கேயே நின்று அதன் ஓரத்தை இடது கையால் நீவிச் சரிசெய்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.

ஏலத்தில் அதை எடுத்தவர் ஆடு வளர்க்கிறவர். ஆட்டு வாய்க்கு எட்டாதபடி சுவரில் எவ்வளவு உயரத்தில் மாட்டப்போகிறார் என்று கேட்டுக்கொண்டே அக்கா தெருமுனைவரை அவர் பின்னாலேயே போனாள்.