ஆயுத பூஜையன்று ஓடிய மில்

என் அண்ணி தேவம்மாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் ஹேமகிரி மரக்கூழ் கம்பெனியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது கம்பெனி. முதலில் அது வெறும் மர டிப்போ. காட்டிலிருந்து தேக்கும் ஈட்டி மரமும் வரும், அறுத்து விற்பார்கள். பிறகு மூங்கிலை வேகவைத்துக் காகிதக் கூழ் எடுக்க மில் கட்டினார்கள். மூங்கில் அருகிப்போனதும் யூகலிப்டஸுக்கு மாறினார்கள். கொள்ளேகால் பக்கம் மேட்டுக்காட்டில் ராகி விதைத்தவர்களெல்லாம் யூகலிப்டஸ் நட்டார்கள். கூழை வெளுத்து, தடித்த தாளாக்கி, காகித ஆலைகளுக்கு லாரியில் அனுப்புவோம்.

நான் சென்னிமலை. டைஜஸ்டரில் வேலை. இரண்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்பு அண்டா என்று நினைத்துக்கொள்ளுங்கள். மரச் சில்லுகளை அதில் கொட்டி, காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீர் விட்டு, நீராவியில் வேகவைப்போம்.

அண்ணிக்கு வெளியே யார்டில் பட்டை உரிக்கிற வேலை. ஹனூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த மறு மாதமே சேர்ந்துவிட்டார். வெட்டின மரத்தை ஈரம் காய்வதற்குள் உரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பட்டை இறுகிக் கத்தியை உடைக்கும். அண்ணி கத்தியால் ஒரு கீறு போட்டு, விரலைக் கொடுத்து இழுத்தால் பட்டை முழு நீளத்துக்கு வந்துவிடும். அப்படி எத்தனை காடு அந்தக் கை வழியாகப் போயிருக்கும்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்புத்தான்.

ஆனால் உரித்த மரம் உள்ளே போய் என்ன ஆகிறது என்று அண்ணி பார்த்ததே இல்லை. சூடு, ஆவி, குளோரின் நெடி என்று காரணம் சொல்லி, யார்டுப் பெண்களை மில்லுக்குள் விடமாட்டார்கள்.

"உள்ள அப்படி என்னதானுங்க தம்பி பண்றீங்க?" என்று கேட்பார்.

"வேக வெச்சுத் திங்கறமுங்க அண்ணி."

"அதானுங்களா, வயிறு இப்படி வளந்து கெடக்குது?"

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கதவு திறக்கும். தசராவில், ஆயுத பூஜையன்று. குடும்பத்தோடு எல்லாரும் உள்ளே வரலாம். ஆனால் அன்றைக்குத்தான் மெஷினுக்கு ஓய்வு. நிறுத்தி, கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியிருப்போம். அண்ணி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, அசையாத இரும்பை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பொரி கடலையோடு வீடு திரும்புவார். ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

தொண்ணூற்றேழில் கம்பெனி படுத்தது. வெளிநாட்டுக் கூழ் கப்பலில் மலிவாக வந்து இறங்கும்போது எங்களுடையதை யார் வாங்குவார்? மேனேஜர் கிருஷ்ணராஜ் எல்லாரையும் யார்டில் கூட்டினார். இருக்கிற மரம் தீர்ந்ததும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நிறுத்துகிறோம், பூஜை முடிந்து திறக்கப்போவதில்லை என்றார். ஆளாளுக்குக் கத்தினார்கள், அழுதார்கள். அண்ணி எழுந்து நின்றார்.

"இந்த வருசம் பூசையன்னிக்கு மெசின நிறுத்தாதீங்க. ஓடட்டும். நாங்க பாக்கோணும்."

எனக்கு வந்ததே கோபம்! "என்னங்க அண்ணி பேசறீங்க? ஆயுத பூஜையன்னிக்கு எவனாச்சும் மெசின ஓட்டுவானா? கை கால் போயிருமுங்க!" உள்வேலைக்காரர்கள் அத்தனை பேரும் என் பக்கம். பண்டிகை உங்களுடையது, நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று மேனேஜர் நழுவிவிட்டார்.

அண்ணி அசையவில்லை. "ஓடாத சாமியவே எத்தன தடவைங்க தம்பி கும்புடறது? நாளைக்குப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க. பொறவு நாங்க எதைப் பாக்கறது?"

பாய்லர்காரர் தொட்டையன் பீடியைக் கீழே போட்டார். ஆயுத பூஜையன்று பாய்லரின் நிழலைக்கூட மிதிக்காத பக்திமான் அவர். "அவரு ஹேளோது சரி கணப்பா," என்றார். "பெங்கி நான் ஹாக்தினி." அண்ணி சொல்வதுதான் சரி, நெருப்பு நான் போடுகிறேன் என்று அவரே சொன்ன பிறகு எங்களுக்கு என்ன வாய் இருக்கிறது? ஒரு அண்டாவுக்கு மரத்தை ஒதுக்கி வைத்தோம்.

அன்று காலை ஓடுகிற மில்லுக்குப் பூஜை செய்தோம். சந்தனம் சூட்டில் பூசப் பூசக் காய்ந்து உதிர்ந்தது. யார்டுப் பெண்கள் சுவரோரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் வால்வைத் திறந்தேன். வெந்த மரம் அத்தனையும் குழாய் வழியாகப் பாய்ந்த சத்தத்தில் தரை அதிர்ந்தது. "அய்யோ சாமி!" என்று அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கூழைக் காட்டினேன், சேறு மாதிரி கறுப்பாக இருந்தது. அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது.

"இதுக்குத்தானுங்களா?"

"பொறுங்க," என்றேன்.

கழுவி, வெளுத்து முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. பிறகு தாள் மெஷினைப் போட்டோம். ஒரு முனையில் கூழ் தண்ணீராகப் பரவியது, உருளைகளுக்குள் புகுந்து, மறுமுனையில் முழு அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று தாளாக இறங்கியது. எனக்கே மெய் சிலிர்த்தது. தினமும் பார்த்தவன்தான் நான், ஆனால் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அண்ணி கிட்டே போய், வெதுவெதுப்பாக வந்த தாளைப் புறங்கையால் தொட்டார். "இது நாம உரிச்ச மரமுங்களா?"

"ஆமாங்க அண்ணி. நீங்க உரிச்சதுதான்."

"ஏ மல்லம்மா, பாருடி! நம்ம மரம்டி!" என்று கூட உரிக்கிறவளைப் பார்த்துக் கூவினார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தாள் மெலிந்தது. நடுவில் ஓட்டை விழுந்தது, கிழிந்தது. அப்புறம் உருளைகள் மட்டும் சும்மா சுற்றின. பெண்கள் நகராமல் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னும் வருமுங்களா தம்பி?"

"இல்லீங்க அண்ணி. மரம் தீந்துபோச்சு."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா," என்றார், "இன்னும் கொஞ்சம் உரிச்சுப் போட்டிருப்பனே."

நான் ஸ்விட்சை அணைத்தேன்.