பாஸ் மார்க் நாற்பது

பள்ளியில் கணக்குப் பாடத்தில் எப்போதும் முப்பத்தைந்து வாங்கி மயிரிழையில் தப்பித்தவள் நான். நாற்பத்தெட்டு வயதில் அதே முப்பத்தைந்தை மறுபடியும் வாங்கினேன். இந்த முறை ஃபெயில். மாற்றுத்திறனாளி அட்டைக்கு டாக்டர் போடும் ஊனச் சதவீதம் குறைந்தது நாற்பது இருக்க வேண்டுமாம். ஊனத்தில் ஃபெயில் ஆன பெண் இந்தச் சென்னையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு வயதில் வந்த போலியோவில் என் இடது தொடைக்குப் பலம் போய்விட்டது. ஒவ்வொரு அடிக்கும் இடது கையால் தொடையை அழுத்திக்கொண்டால்தான் முழங்கால் மடங்காமல் நிற்கும். தாவணி போட்ட வயதில் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டால் அழுத்துவது தெரியாது. பிறகு பாவாடை போய்ப் புடவைக் கொசுவம் வந்தது, அவ்வளவுதான். தெருவில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிப் போகும் பெண் மாதிரி இருப்பேன். மயிலாப்பூரில் அதற்கு வருஷம் முழுக்க நியாயம் உண்டு. "லேசா சாய்ஞ்சு நடப்பாங்க" என்பதற்கு மேல் யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

தி.நகரில் பள்ளிக்கூட கைடு அச்சடிக்கும் ஓர் இடத்தில் எனக்கு டைப்செட்டிங் வேலை. போன வருஷம் ஒரே மாதத்தில் இரண்டு முறை பஸ் படியில் விழுந்தேன். முதலாளி நல்லவர். "இனிமே வீட்லேர்ந்தே செய்யுங்கம்மா, கம்ப்யூட்டரை நானே ஆட்டோவுல ஏத்தி அனுப்பறேன்" என்றார். எனக்கு அது ஆயுள் தண்டனை மாதிரி கேட்டது. ஆபீஸில் நாங்கள் நான்கு பெண்கள். மதியம் டப்பாவைத் திறந்தால் ஊரில் ஒருவர் மிச்சம் இருக்க மாட்டார். வீட்டில் பேச்சுத் துணைக்குக் குக்கர்தான் உண்டு. "ஜூன் வரைக்கும் டைம் குடுங்க சார்" என்று கெஞ்சினேன். வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பக்கத்தில் இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டரை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அது கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் குக்கர்.

இ-சேவை மையத்துப் பெண், "அட்டை இருக்கா?" என்றாள். அட்டைக்குச் சதவீதம் வேண்டும். சதவீதத்துக்கு முகாமுக்குப் போக வேண்டும். முகாம் எப்போது என்பது மாவட்ட அலுவலகத்துக்குத்தான் தெரியும். என் கணவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், சும்மா இருப்பாரா? எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து காப்பி எடுத்து, தலையணை பருமனில் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். அலுவலர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "காப்பியெல்லாம் சரி, ஆதார் ஒரிஜினல் எங்கே?" என்றார். அது மயிலாப்பூரில், மிஷினுக்குள், கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது. ஒரிஜினலை மிஷினிலேயே விட்டுவிட்டுப் போகும் வாடிக்கையாளர்களைத் தினமும் திட்டுகிற மனுஷர் இவர். திரும்பி வரும் வழியெல்லாம் நான் சிரித்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வழியாக அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். நாலு பேர் பார்க்கும் இடம் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு பூவும் வைத்துக்கொண்டேன். டாக்டர், "அந்தச் சுவர் வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். யாராவது பார்த்தால் என் நடை தானாகவே நேராகிவிடும். முப்பது வருஷப் பழக்கம். கொசுவத்தைப் பிடித்தபடி மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடப்பதுபோல் நடந்து வந்தேன்.

"நல்லாத்தானே நடக்கறீங்க!" என்றார் டாக்டர்.

"தேங்க்ஸ் டாக்டர்" என்றேன். பூரித்துப் போயிருந்தேன். தாளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

மறுமதிப்பீட்டுக்கு மனு கொடுத்தோம். அடுத்த முகாமுக்கு ஒரு மாதம் இருந்தது. "உன்னை யாரு அழகா நடக்கச் சொன்னா?" என்று கணவர் சத்தம் போட்டார். நொண்டி நடப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் உண்மை. அதனால் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் அவர் எனக்கு எதிரே நொண்டிக் காட்டுவார், நான் பார்த்துப் பார்த்து நொண்டுவேன். என்னைவிட அவர் பிரமாதமாக நொண்டினார். மாடி வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மறுநாள் அவருக்கு மூட்டுவலித் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டாவது முகாமில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மீன்காரப் பெண். சர்க்கரை வியாதியில் பாதத்தை இழந்த வீட்டுக்காரரை அழைத்து வந்திருந்தாள்.

"இன்னாத்துக்குக்கா வந்துகீறே?"

"காலுக்கு."

"யாரு காலுக்கு?"

"என் காலுக்குத்தான்."

அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தானக்கா கீது?" என்றாள். வழக்கம்போல் மனசு குளிர்ந்தது. டாக்டரும் இதையே சொன்னால் என்ன ஆவது என்று அடுத்த நொடிதான் உறைத்தது.

இந்தத் தடவை இளம் பெண் டாக்டர். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, கணவர் சொல்லிக் கொடுத்ததுபோலவே விந்தி விந்தி சுவர் வரைக்கும் போனேன். திரும்பி வந்ததும் டாக்டர் தாளைப் பார்த்தார்.

"போலியோ எந்தக் கால்ல?"

"இடது கால்ல."

"நீங்க நொண்டறது வலது கால்லம்மா."

கூடத்தில் எனக்கு எதிரே நின்று சொல்லிக் கொடுத்த வாத்தியாரை அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். கண்ணாடிப் பிம்பம் மாதிரி பக்கம் மாறிப் போயிருக்கிறது. மீன்காரப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையை எடுத்துட்டு நடங்க, பாக்கலாம்."

நான் கொசுவத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கதவருகே நின்றிருந்த என் கணவர்தான் பேசினார்.

"கையை எடுத்தா விழுந்துடுவா டாக்டர்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! இவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை பேர் முன்னால் சொல்ல இவர் யார்? "அதெல்லாம் விழமாட்டேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கொசுவத்தை விட்டேன். சிறு வயதுக்குப் பிறகு அப்படிக் காலை மட்டும் நம்பி நின்றதே இல்லை. ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடியில் முழங்கால் அப்படியே மடிந்தது. தரையில் விழுமுன் மீன்காரப் பெண் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்துவிட்டாள்.

"இத்த மொதல்லயே காட்டறதுக்கு இன்னாக்கா?" என்றாள்.

டாக்டர் என்னைப் படுக்க வைத்துத் தொடையை அழுத்தியும் காலைத் தூக்கச் சொல்லியும் பார்த்துவிட்டு அறுபது போட்டார். பள்ளியில் கனவிலும் வாங்காத ஃபர்ஸ்ட் கிளாஸ். அதை வைத்துத்தான் மே மாதக் கடைசியில் ஸ்கூட்டர் வந்தது. இன்றைக்கும் தி.நகருக்கு அதில்தான் போகிறேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு மண்டையில் அறுபதும் ஏறவில்லை, ஸ்கூட்டரும் ஏறவில்லை. பள்ளி வாசலுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் கை சமாசாரம் உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பின்னே?"

அவர் ஆட்டோ வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "உன் புடவைக்கெல்லாம் நான்தானே இஸ்திரி போடறேன். எல்லாப் புடவையும் இடது தொடை கிட்டதான் முதல்ல நைஞ்சு போகுது."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்து."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறே" என்றார் அவர். "தெரியும்னு எப்படிச் சொல்றது?"